மீதிப் பத்துக்கும் யார் பொறுப்பு? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடச்சபைகளிலும் மூதவை எனப்படும் செனட் சபையிலும் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியை. உங்கள் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பதவியும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் எங்களிடம் படித்த பிள்ளைகள்தான் உங்களிடம் வருகிறார்கள். மூன்று நாலு வருடம் கழித்து அதே பிள்ளைகள் பட்டத்தோடு எங்கள் ஊருக்குள் திரும்புகிறார்கள். சிலர் எங்கள் பாடசாலைக்கே ஆசிரியராக வருகிறார்கள். அந்த உறவில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஒரு பட்டப்படிப்பில் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத ஒரு பகுதி இருக்கிறது. விஞ்ஞானம் படிக்கிறவருக்கும் கலை படிக்கிறவருக்கும் முகாமைத்துவம் படிக்கிறவருக்கும் பொதுவாகக் கிடைக்கவேண்டிய கல்வி அது. அதை நீங்கள் ஆசிரியர்களாகச் சேர்ந்து உங்கள் கையில் எடுக்கவேண்டும். சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல், வெளியில் இருந்து ஆலோசகர் வந்து எழுதித் தரட்டும் என்று விட்டுவிடாமல், துறைகள் தங்களுக்குள் பங்கு பிரித்து மிஞ்சியதை அதற்கு ஒதுக்காமல் எடுக்கவேண்டும்.

புதிதாக ஓர் அதிகாரத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், கற்பித்தல், கல்வி, ஆராய்ச்சி, பரீட்சை ஆகியவற்றின் கட்டுப்பாட்டையும் பொது நெறிப்படுத்தலையும் மூதவையிடம் கொடுக்கிறது. துணைவேந்தர் தலைமையில் பீடாதிபதிகள், துறைத்தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர், ஒவ்வொரு பீடத்தில் இருந்தும் ஆசிரியர்கள் தெரிவு செய்து அனுப்பும் இருவர் என்று, அநேகமாக முழுவதும் படிப்பிக்கிறவர்களின் சபை அது. பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கிற பேரவை அப்படி அல்ல. அங்கே வெளியில் இருந்து நியமிக்கப்படுகிறவர்கள், உள்ளே இருந்து வருகிறவர்களைவிட ஒருவர் கூடுதலாக இருக்கும்படி சட்டம் அமைந்திருக்கிறது. பணம், காணி, கட்டடம், நியமனம் எல்லாம் பேரவையின் பொறுப்பு. என்ன படிப்பிப்பது, எந்த ஒழுங்கில் படிப்பிப்பது, படித்ததை எப்படி மதிப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. உங்கள் பீடாதிபதியைக்கூட பீடச்சபைதான் வாக்களித்துத் தெரிவு செய்கிறது.

பாடசாலை ஆசிரியராக இருந்து பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிகிறது. எங்களுக்குப் பாடத்திட்டம் மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் இருந்து வருகிறது. எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை என்பதுகூட ஆசிரியர் வழிகாட்டியில் அச்சிட்டு வருகிறது. வலிகாமத்தில் இருக்கும் பிள்ளைக்கு வலிகாமத்தின் நிலத்தடி நீரைப் பற்றி இன்னும் ஒரு வாரம் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்றால் அந்த நேரத்தை நான் வேறு எங்கோ இருந்து பிய்த்து எடுக்கவேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை. புதிய பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்தான். ஆனால் இருக்கிற பட்டங்களுக்குள் பிள்ளைகள் எதைச் சேர்ந்து படிக்கவேண்டும் என்று யோசித்து எழுதி, மூதவைக்குக் கொண்டுபோய் நிறைவேற்றுகிற வாய்ப்பு உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

அந்த வாய்ப்பு சும்மா கிடைத்ததும் அல்ல. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டில் இருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் கலைத்து, இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனமாக்கியது. 1974 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் தொடங்கியது அதன் ஒரு வளாகம். பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஆசிரியர்களே கூடி யாழ்ப்பாணத்துப் பட்டத்தைத் தீர்மானிப்பது என்பது அதற்குப் பிறகுதான் முழு அர்த்தத்தில் தொடங்கியது. பிறகு வந்த போரையும் 1995 இடப்பெயர்வையும் தாண்டி அந்தச் சபை இன்றும் இருக்கிறது.

சரி, அந்த அதிகாரம் பொதுக்கல்வி விஷயத்தில் எங்கே நழுவுகிறது?

எஸ்.எல்.கியூ.எஃப். என்று நீங்கள் சொல்லும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் இருந்தே தொடங்கலாம். 2012 இல் வந்து, 2015 இல் திருத்தப்பட்ட அந்த ஆவணம் உங்கள் பாடத்திட்ட மீளாய்வுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரக் கற்றல், சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்ற கணக்கு அதில் இருந்துதான் வருகிறது. ஒரு பட்டதாரியிடம் இருக்கவேண்டிய கற்றல் பேறுகளை அது 12 கூறுகளாகப் பிரிக்கிறது. முதலாவது, பாட அறிவு. இரண்டாவது, அந்த அறிவைப் பிரயோகிக்கிற திறன். இந்த இரண்டும் துறைகளுக்கு உரியவை. மீதிப் பத்தையும் பாருங்கள்: தொடர்பாடல், கூட்டாக வேலை செய்வதும் தலைமைத்துவமும், ஆக்கத்திறனும் பிரச்சினை தீர்த்தலும், முகாமையும் தொழில்முனைவும், தகவலைக் கையாளுதல், சமூகத் தொடர்புகள், மாற்றத்துக்கு இசைதல், மனப்பாங்கும் விழுமியங்களும், வாழ்க்கை பற்றிய நோக்கு, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளல்.

பன்னிரண்டில் பத்து. ஒரு பட்டத்தின் எதிர்பார்ப்புகளில் ஆறில் ஐந்து பங்கை இந்த நாடு பொதுக்கல்வியாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பத்துக்கும் ஒரு துறை கிடையாது, ஒரு தலைவர் கிடையாது, கூடிப் பேசுகிற ஒரு மேசை கிடையாது. இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக நடப்பது, ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அட்டவணை போட்டு, இந்தப் பாடம் எந்தெந்தக் கூறைத் தொடுகிறது என்று கட்டங்களில் சரி அடையாளம் இடுவதுதான். பூச்சியியல் பாடத்தில் குழுச் செயற்பாடு ஒன்று இருந்தால் தலைமைத்துவக் கட்டத்துக்கு ஓர் அடையாளம். கணக்கியலில் ஒரு முன்வைப்பு இருந்தால் தொடர்பாடலுக்கு ஓர் அடையாளம். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது அட்டவணை நிறைந்திருக்கும். வாழ்க்கை பற்றிய நோக்கு என்ற கட்டத்துக்கு எதிரே அடையாளம் இட்ட ஆசிரியர், அதை எந்த வாரத்தில் எந்த வாசிப்பின் மூலம் கொடுத்தோம் என்று சக ஆசிரியர்களோடு இருந்து பேசியிருப்பாரா? பேசுவதற்கு ஓர் இடமே அமைப்புக்குள் இல்லை என்பதுதான் என் கவலை. இதை ஆசிரியர்களின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை.

ஆங்கிலமும் கணினியும் பொதுப் பாடங்களாக இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இரண்டும் தேவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டும் கருவிகள். அவற்றை வைத்து எதை வாசிப்பது, எதைப் பற்றி எழுதுவது, யாரோடு வாதிடுவது என்பதுதான் கல்வி.

இந்தப் பிள்ளைகள் எப்படி உங்களிடம் வந்து சேர்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நான் அன்றாடம் பார்ப்பது. சாதாரண தரம் முடிந்ததும் பதினாறு வயதில் ஒரு பிள்ளை பிரிவு ஒன்றுக்குள் போகிறது. உயிரியல் பிரிவுக்குப் போன பிள்ளை அதற்குப் பிறகு வரலாற்றையோ குடியியலையோ தொடுவதில்லை. கலைப் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது. மூன்று பாடம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி, பாஸ்ட் பேப்பர், ரியூசன். உயர்தரத்தில் பொதுச் சாதாரணப் பரீட்சை என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு அதில் 30 புள்ளி எடுத்தால் போதும், இசட் புள்ளிக் கணக்கில் அது சேராது. அதற்குப் பொறுப்பான ஆசிரியர் என்று பாடசாலைகளில் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. பிள்ளைகளும் கடைசி வாரத்தில் ஒரு மாதிரி வினாத்தாளைப் புரட்டிவிட்டுப் போய் எழுதுகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பாடத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பாடசாலைகளிலேயே சாட்சி இருக்கிறது. அதே கதை பட்டப்படிப்பிலும் தொடர்ந்தால், அந்தப் பிள்ளை வேறு துறை ஒன்றின் கண்ணால் தன் ஊரைப் பார்க்கிற வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறைகூட வராமல் போய்விடும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். புவியியல் ஆசிரியைக்கு இதை விட்டால் வேறு என்ன என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று வைக்கவேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைநீரைத்தான் கிணறு வழியாகக் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். அந்தக் கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் கீழே போய்ச் சேர நாளெடுக்காது. பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களில் இருந்து ஆய்வுகள் சொல்லிவருகின்றன. பிறகு சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் கழிவு எண்ணெய் கலந்தது. அது பற்றிய வழக்கு நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2019 ஏப்ரலில் தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. இன்னொரு பக்கம், கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்தில் இருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்கே போதாத தண்ணீர் என்பது அவர்கள் வாதம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். அங்கேயும் தங்கள் கடல் என்னவாகும் என்று மீனவர்கள் கேட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்துக்குள் எத்தனை துறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கல்லின் அமைப்பு புவியியலுக்கு. நைத்திரேற்று இரசாயனவியலுக்கு. அதைக் குடித்த குழந்தைக்கு என்ன ஆகும் என்பது மருத்துவத்துக்கு. யூரியாவின் அளவு விவசாயத்துக்கு, அதன் விலையும் மானியமும் பொருளியலுக்கு. சுன்னாகத் தீர்ப்பு சட்டத்துக்கு. நன்னீராக்கும் நிலையம் பொறியியலுக்கு. விவசாயியும் மீனவரும் குடாநாட்டாரும் ஒரே தண்ணீரைக் கேட்டு நிற்பது அரசறிவியலுக்கும் சமூகவியலுக்கும். கிணறும் துலாவும் பங்குக் கிணற்று முறையும் எங்கள் ஊர் வாழ்க்கையையும் பேச்சையும் எப்படி அமைத்தன என்பது தமிழுக்கும் வரலாற்றுக்கும். இத்தனையும் உங்கள் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கின்றன. அதிலும் இன்னொன்று: உங்கள் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில், மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில். இரணைமடுப் பிணக்கின் இரண்டு கரையிலும் உங்கள் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு செமஸ்ரர் சேர்ந்து இருந்து இதைப் படித்தால், அதில் இருந்து வருகிற பட்டதாரி வேறு மாதிரி ஆளாக இருப்பார்.

அந்தப் பாடத்தை யார் தொடங்குவது? புவியியல் துறை தொடங்கினால் அது புவியியல் பாடம் ஆகிவிடும். விவசாய பீடம் தொடங்கினால் கலைப்பீட மாணவருக்கு அதில் பதிவு செய்யவே வழி இருக்காது. இத்தனை துறை சேர்ந்து படிப்பித்தால் அந்த வேலை யாருடைய விரிவுரை மணிநேரக் கணக்கில் ஏறும்? புள்ளியை எந்தத் துறை பீடச்சபைக்குக் கொண்டுபோகும்? இவை சின்னக் கேள்விகள் போலத் தெரியலாம். ஆனால் நல்ல எண்ணங்கள் சாவது இந்தச் சின்னக் கேள்விகளில்தான். இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சபை மூதவை. துறையாலும் முடியாது, தனிப் பீடத்தாலும் முடியாது.

இங்கே உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவும் பேசவேண்டியிருக்கிறது. பாடத்திட்டம் ஆசிரியர் கையில் இருக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஆசிரியர் கை என்பது துறைகளின் பேரம் ஆகிவிடக்கூடாது. உன் பாடத்தை நான் கேள்வி கேட்கமாட்டேன், என் பாடத்தை நீ கேட்காதே என்ற ஊமை உடன்படிக்கை, உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் ஆட்சிக்கு வருகிற முதல் நோய். பொதுப் பாடத்துக்கு ஆறு கிரெடிட் ஒதுக்குவோம் என்றால் யாருடைய ஆறைக் குறைப்பது என்ற இடத்தில் கூட்டம் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் தன் துறையின் மாணவர் தொகையையும் ஆளணியையும் நினைத்துப் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் காணிச் சண்டையில் ஒழுங்கையை இழந்த ஊர் மாதிரி, எல்லோருடைய வேலியும் பத்திரமாக இருக்க, நடக்கிற பாதை மட்டும் காணாமல் போய்விடுகிறது.

நீங்கள் அதை எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள். இது பயமுறுத்தல் அல்ல, வேறு இடங்களில் நடக்கிற விஷயம். அமெரிக்காவில் பாடத்திட்டமும் கற்பிக்கும் முறையும் முதன்மையாக ஆசிரியர்களின் பொறுப்பு என்று பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1966 இலேயே பிற அமைப்புகளோடு சேர்ந்து எழுதி வைத்தது. பல தலைமுறைகளாக அது வழக்கமாகவும் இருந்தது. இன்று என்ன நடக்கிறது? புளோரிடா மாநிலத்தில் 2023 இல் ஒரு சட்டம் வந்தது, பொதுக்கல்விப் பாடங்களில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று. 2024 ஜனவரியில் அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களை மேற்பார்வை செய்கிற ஆளுகைச் சபை, சமூகவியல் அறிமுகப் பாடத்தை அரச பல்கலைக்கழகங்களின் பொது அடிப்படைப் பாடப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. 2025 இல் டெக்சாஸ் மாநிலம் இயற்றிய சட்டம், பொதுக்கல்விப் பாடங்களை மீளாய்வு செய்கிற பொறுப்பை நியமனம் பெற்ற ஆளுகைச் சபைகளிடம் கொடுத்து, ஆசிரியர் மூதவைகளை ஆலோசனை சொல்கிற அளவுக்குக் குறைத்தது. கவனியுங்கள், இரண்டு இடத்திலும் கை வைத்தது பௌதிகவியலிலோ கணக்கியலிலோ அல்ல. பொதுக்கல்வியில்தான். ஒரு துறையின் பாடத்தில் கை வைத்தால் அந்தத் துறை எழும்பி நிற்கும். எல்லோருக்கும் பொதுவானதில் கை வைக்கும்போது முதலில் எழும்பி நிற்க ஆள் இருக்காது.

எங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. ஆனால் வேலைவாய்ப்பு என்ற ஒரே சொல்லால் பட்டத்தை அளக்கிற அழுத்தம் வந்து கனகாலம். 2017 இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இருந்து போராடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர்களில் எங்களிடம் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வேதனையை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் என்று கலைப்பீட மாணவருக்குத் தொழில்முனைவுப் பாடம் ஒன்றையும் மென்திறன் பட்டறை ஒன்றையும் மேலே இருந்து ஒட்டிவிடுவது, நீங்கள் நின்று யோசிக்காத இடத்தில் வேறொருவர் அவசரத்தில் யோசித்ததன் விளைவு. அரச நியமனத்தைத் தவிர வேறு வழி தெரியாமல் அந்தப் பிள்ளை நிற்பதற்கு, ஒரே துறையின் நோட்ஸைத் தவிர வேறு எதையும் வாசிக்காமல் வெளியே வந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பொதுக்கல்வி என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்வார்கள். இந்த மண்ணில் அதற்கு நீண்ட வேர் இருக்கிறது. 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே மாணவருக்குப் படிப்பிக்கப்பட்டன. மிசனரிகள் மதம் பரப்புகிற நோக்கத்தோடு நடத்திய நிறுவனம் அது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, அரச சேவையில் இருந்து, நீதிபதியாகவும் இருந்து, கலித்தொகையைப் பதிப்பித்தார். அவரோடு பட்டம் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் அட்சரகணிதம் எழுதினார். பக்கத்தில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். உங்கள் துணைவேந்தர் வரிசையிலேயே பாருங்கள். வித்தியானந்தன் தமிழ்ப் பேராசிரியர், கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர். போர்க்காலத்தில் துணைவேந்தராக இருந்த அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் மண்பொறிமுறை ஆய்வில் பெயர் பதித்த பொறியியலாளர். தங்கள் துறைக்கு வெளியே இருந்த ஊரைப் பார்க்கத் தெரிந்ததால்தான் அவர்களை இந்த ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

போருக்குப் பிந்திய சமூகத்துக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919 இல், முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, தங்கள் காலத்தின் பிரச்சினைகளை எல்லா மாணவரும் சேர்ந்து வாசித்து விவாதிக்கவேண்டும் என்று ஒரு பொதுப் பாடம் தொடங்கினார்கள். பல துறை ஆசிரியர்கள் அதைப் பங்கிட்டுப் படிப்பித்தார்கள். நூறு வருடம் தாண்டியும் அது நடக்கிறது. எங்கள் போர் 2009 இல் முடிந்தது. இன்று உங்கள் விரிவுரை மண்டபங்களில் வடக்கின் பிள்ளைகளோடு மலையகத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தெற்கில் இருந்து வருகிற சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே நுணுக்குக்காட்டியைப் பார்க்கிறார்கள். ஆனால் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம், இந்த மண்ணில் என்ன நடந்தது என்பதை ஓர் ஆசிரியர் முன்னிலையில், வாசிப்போடு, மரியாதையோடு பேசிப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் தமிழ், சிங்கள மாணவரிடையே நடந்த மோதலை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு பாடம் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. பேசுவதற்கு வகுப்பறை இல்லாத விஷயங்கள் மைதானத்துக்குத்தான் வரும்.

இனி, என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

மூதவையின் கீழ் பொதுக்கல்விக்கென்று நிரந்தரமான ஒரு குழு வேண்டும். எல்லாப் பீடங்களில் இருந்தும் ஆசிரியர்கள் அதில் இருக்கவேண்டும், பதவி வழியாக வருகிறவர்களைவிட தெரிவு செய்யப்பட்டவர்கள் கூடுதலாக இருப்பது நல்லது. மற்றப் பாடங்களுக்குத் துறை செய்கிற வேலை எல்லாவற்றையும், பாடத்தை எழுதுவது, ஆசிரியரைத் தேடுவது, புள்ளியைப் பார்ப்பது, சரிவராவிட்டால் நிறுத்துவது வரை, அந்தக் குழு செய்யவேண்டும். அங்கே படிப்பிக்கிற மணிநேரம் துறையில் படிப்பிக்கிற மணிநேரத்துக்குச் சமமாகக் கணக்கில் ஏறவேண்டும். இது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் பேச்சு. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள்தான் பெரிதும் எடுபடுகிற ஒரு முறையில், இளம் விரிவுரையாளர் ஒருவர் தன் மாலை நேரத்தைப் பொதுப் பாடத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பேர் வெளிநாடு போய்விட, மிஞ்சியவர்கள் அவர்களுடைய பாடங்களையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள் என்பது தெரியும். அதனால்தான் பத்துப் பாடம் கேட்கவில்லை. முதலாம் வருடத்தில் ஒன்று. நன்றாக, சேர்ந்து, ஒரு பாடம். தண்ணீரில் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்.

மொழி பற்றியும் ஒரு சொல். அந்தப் பாடத்தை ஆங்கில எழுத்துப் பயிற்சியாக மாற்றிவிடாதீர்கள். தமிழில் ஆழமாக வாசித்து, தமிழில் ஒரு வாதத்தைக் கட்டி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுத வருவது நேரத்தைப் பொறுத்தது. தமிழிலேயே ஒரு பக்கம் வாதம் எழுதிப் பழகாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கொடுப்பது வெறும் வார்ப்புரு. சிங்கள மாணவருக்கும் அவர்கள் மொழியில் எழுத இடம் கொடுங்கள். மூன்று மொழியும் ஒரே வகுப்பில் வந்தால் சிரமம்தான். அந்தச் சிரமத்தைக் கையாளப் பழகுவதே இந்த நாட்டில் ஒரு பட்டதாரிக்கு வேண்டிய கல்வி.

பீடச்சபையில் உங்களோடு இரண்டு மாணவர்கள் இருக்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அந்தந்தத் துறைகளில் மதிப்புப் பெற்ற மூன்று வெளியாட்களையும் நீங்களே தெரிவு செய்யலாம். அந்த ஐந்து கதிரைகளையும் தயவுசெய்து நிரப்புவதற்காக மட்டும் நிரப்பாதீர்கள். மாணவருக்கு நிகழ்ச்சி நிரலை நேரகாலத்தோடு கொடுங்கள், தங்கள் பட்ச்சோடு பேசிவிட்டு வரட்டும். செமஸ்ரர் தொடங்க முன்னும் பரீட்சைக்கு முன்னும் குப்பி வகுப்பு வைத்துத் தாங்களே ஒருவருக்கொருவர் படிப்பிக்கிற பிள்ளைகள் அவர்கள். எந்தப் பாடம் விளங்கவில்லை, எது இரண்டு தரம் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வெளியாட்களாக, ஓய்வுபெற்ற பேராசிரியர்களோடு ஒரு விவசாயச் சங்கத்துக்காரரையோ, ஒரு தாதியையோ, ஓர் உயர்தர ஆசிரியரையோ நினைத்துப் பாருங்கள். எனக்கு இடம் கேட்கவில்லை. பிள்ளைகள் உங்களிடம் வர முன்னும் உங்களை விட்டுப் போன பின்னும் அவர்களைப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான்.

பாடத்திட்டம் பற்றி மூதவை எடுக்கிற முடிவுகளை, ஏன் எடுத்தோம் என்ற காரணத்தோடு, தமிழில் ஒரு பக்கமாக எழுதி வெளியே போடுங்கள். இரகசியம் எதுவும் இல்லாத விஷயம் இது. இந்தப் பாடத்தை ஏன் சேர்த்தோம், அதை ஏன் நிறுத்தினோம் என்று தெரிந்தால் நாங்கள் உயர்தரத்தில் இருந்தே பிள்ளையைத் தயார்ப்படுத்தலாம், பெற்றோரும் கேள்வி கேட்கலாம். மேலே இருந்து பாடம் பற்றிய சுற்றறிக்கை ஒன்று வரும்போதும் அதே மாதிரி. ஏற்பதானால் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள், மறுப்பதானால் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். 2012 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு நாடளாவிய ரீதியில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலை நிறுத்தியபோது, பல்கலைக்கழகச் சுதந்திரமும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. அன்று வீதியில் கேட்ட சுதந்திரத்தின் ஒரு பங்கு இன்று உங்கள் நிகழ்ச்சி நிரலுக்குள் இருக்கிறது.

உங்கள் பீடத்தில் அடுத்த பாடத்திட்ட மீளாய்வு தொடங்கும்போது, துறைகள் தங்கள் பாடப் பட்டியலோடு வர முன்னர், முதல் கூட்டத்தை அந்தப் பத்துக் கூறுகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பாடத்தின் பெயரையும் ஓர் ஆசிரியரின் பெயரையும் எழுதப் பாருங்கள். எழுத முடியாமல் போகிற இடங்களை அப்படியே வெறுமையாக விட்டு மூதவைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம். உயர்தர ஆசிரியர்களாகிய எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உயர்தரப் புவியியல் ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்